எண்ணெய்ச் சட்டியில் குதித்த நீர்க்காகம்

பறவைகளுக்குப் பேச்சும் மனிதர்களுக்குப் பொறுமையும் இருந்த காலத்தில், ஆறு கடலில் கலக்கும் ஒரு கழிமுகத்தில் மையாத்தா என்றொரு நீர்க்காகம் இருந்தாள். காக்காயைவிடக் கொஞ்சம் பெரியவள். கறுகறுவென்று இருப்பாள். அலகு நுனியில் ஒரு கொக்கி. "அப்போ காக்காய்தானே?" என்று யாரும் கேட்காதீர்கள். அவளுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும்.

அலையாத்தி மரத்து உச்சியில் அவள் கூடு. கூட்டில் மூன்று குஞ்சுகள். புருஷன் போன புயலில் போனவன்தான், திரும்பவே இல்லை. மையாத்தா முங்கி மீன் பிடித்து வந்தால் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. வராவிட்டால் பட்டினி.

நீர்க்காகத்தின் இறகு தண்ணீரில் தொப்பலாக நனைந்துவிடும். அதனால் மீன் பிடித்து முடித்ததும் கரையில் ஒரு கம்பத்தில் ஏறி, இரண்டு இறக்கையையும் விரித்துக் காய வேண்டும். இதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னடி மையாத்தா, கொடியில போட்ட துணி மாதிரி நிக்கிறே? என்னைப் பாரு. நாள் முழுக்கத் தண்ணியில கிடக்கேன், ஒரு சொட்டு ஒட்டுதா? வாலடியில எண்ணெய் சுரக்குது, எடுத்துப் பூசிக்கிறேன். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே!"

முதல் நாள் சொன்னபோது மையாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் பல்லைக் கடித்தாள். அவளுக்குப் பல் கிடையாது, இருந்தாலும் கடித்தாள். மூன்றாம் நாள் மானமே போச்சு என்று அழுதாள்.

அன்றைக்குக் காலையில் கரையில் கூத்தன் என்ற மீனவன் தன் வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். பலகையில் தண்ணீர் ஊறாமல் இருக்க அந்தக் கரையில் எல்லாரும் பூசுவதுதான். அவன் எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க அந்தப் பக்கம் நகர்ந்தான். "எண்ணெய்தானே வேணும்?" என்று மையாத்தா சட்டிக்குள் தொபுக்கென்று குதித்தாள். நன்றாகப் புரண்டு, பளபளவென்று எழுந்தாள்.

நேரே தண்ணீருக்குப் போனாள். முங்கினாள், உடனே மேலே வந்தாள். மறுபடி முங்கினாள், தலை உள்ளே, வால் வெளியே. மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்து முங்கினாள், கால் இரண்டும் வானத்தை உதைத்தன. கீழே மீன்கள் அண்ணாந்து வேடிக்கை பார்த்தன. ஐயோ பாவம், தேங்காய் மட்டை மாதிரி மிதந்தாள்!

குஞ்சுகள் காலையில் கத்தின. மத்தியானம் கத்தின. வெயில் இறங்கும்போது கடைக்குட்டிக்குக் கத்தவும் தெம்பில்லை. மையாத்தா ஓடிப்போய்க் கூத்தன் காலடியில் விழுந்தாள்.

"அண்ணே, என் பிள்ளைங்க சாகப்போகுது. என்னால முங்க முடியலை. எப்படியாவது காப்பாத்துங்க!"

கூத்தன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான்.

"அட கூறுகெட்டவளே! வள்ளத்துக்கு எண்ணெய் பூசுறது முழுகாம இருக்க. முழுகுறதுதானே உன் பொழைப்பே! இறகு நனைஞ்சு கனத்தாத்தானே நீ அடி வரைக்கும் போக முடியும்?"

"திட்டுனது போதும், நகருங்க" என்று அவன் பெண்டாட்டி நாச்சி வந்தாள். மையாத்தாவை மடியில் இறுக்கிப் பிடித்து, வெந்நீர் விளாவி, சீயக்காய் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

"மதினி, கண்ணு எரியுது!"

"எரியட்டும். ஆடாம இரு!"

எண்ணெய் போனது. இறகு தொப்பலாக நனைந்தது. மையாத்தா காயக்கூட நிற்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தாள், கல் மாதிரி உள்ளே போனாள். தொண்டை நிறைய மீனோடு எழுந்து, ஈர இறக்கையைப் படபடவென்று அடித்துக் கூட்டுக்குப் பறந்தாள்.

மூத்தது அம்மாவின் தொண்டைக்குள் தலையை விட்டுத் தின்றது. நடுவிலது தின்றது. கடைக்குட்டி மெல்லத் தலையைத் தூக்கி, கழுத்து வரை உள்ளே நுழைத்து, இரண்டு மீனை விழுங்கிவிட்டு வெளியே வந்தது.

"அம்மா, மீன்ல ஒரே சீயக்காய் நாத்தம்" என்றது. "இன்னும் ரெண்டு குடு."

ஆகையால் கேட்டவர்களே, ஊர் சிரிக்கிறதே என்று ஒரு குறையைத் திருத்தக் கிளம்பும் முன், அதை வைத்துத்தான் நாம் பிழைக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.