ஆணி அடிக்கும் உருண்டை

"இதை வச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம்வே."

நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். ரசவாளியோடு பின்னால் நின்றிருந்த ஆவுடையப்பன் காதில் அது விழுந்துவிட்டது.

ஆவுடையப்பன் முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் தவசுப்பிள்ளை. அவர் பெயரைச் சொன்னால் ஊருக்கு ஞாபகம் வருவது பொருள்விளங்கா உருண்டை. பயறும் கோதுமையும் வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலமும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றி, சூடு ஆறுமுன் கை பொறுத்துப் பிடிப்பார்.

அன்று பந்தி முடிந்தபோது எல்லா இலையிலும் உருண்டை முழுசாகக் கிடந்தது.

பெண்ணின் அம்மா கோமதி அடுப்படிக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்கு லட்டு போட்டிருவோம். எம் பிள்ளை காலம் பூரா அந்த வீட்டுல இந்தக் கேலியைக் கேக்கணுமா?"

"எனக்குப் பத்து நாள் குடு தாயி."

"பத்து நாள்ல என்ன செய்வீங்க?"

"கடினம்னா என்னன்னு கேட்டுட்டு வாரேன்."

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

முதலில் பாகை இளக்கிப் பார்த்தார். உருண்டை மெத்தென்று வந்தது. தெருமுனைக்குக் கொண்டுபோவதற்குள் மாவாக உதிர்ந்துவிட்டது. பாகை முற்றவிட்டார். பழையபடி கல்.

நான்காம் நாள் தொழிற்பேட்டைக்குப் போனார்.

அங்கே ஒரு சோதனை அறை இருந்தது. எஃகு, பித்தளை, எது வந்தாலும் அதன் கடினத்தை அளந்து சொல்வது இசக்கியம்மாளின் வேலை. வயது இருபத்தாறு. மூன்று வார்த்தையில் முடிவதை நான்காக்க மாட்டாள்.

"டீச்சரம்மா, கடினம்னா என்ன?"

"நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி."

"கேக்க வந்தவன் நான். நீங்க யாருங்கிறதை நான்தானே சொல்லணும்?"

இசக்கி மேசையிலிருந்து பழைய அரம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஒரு கீறல் போட்டுக் கொண்டாங்க."

ஆவுடையப்பன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். கத்தியால் இழுத்தார், கத்தியில் கோடு விழுந்தது. ஆணியால் இழுத்தார், ஆணி மழுங்கியது. அரிவாள்மனையில் வைத்துத் தேய்த்தார். அரம் அப்படியே இருந்தது.

"அரிவாள்மனைக்குப் பல்லு போயிட்டு" என்றாள் அவர் மனைவி. "இனி நான் காய் நறுக்குதது உங்க தலையிலயா?"

அவர் அரத்தையும் கத்தியையும் துணியில் சுற்றிக்கொண்டு இசக்கியிடம் போனார்.

"தோத்துட்டேன் டீச்சரம்மா. இது எதுக்கும் மசியாது. எனக்கு விளங்கிட்டு. கடினம்னா உடையாதது."

இசக்கி தரையில் இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தாள். அவற்றின் மேல் அரத்தைப் பாலம் போலப் போட்டாள். நடுவில் சுத்தியலால் ஒரு தட்டு.

டக்.

அரம் இரண்டாகக் கிடந்தது.

ஆவுடையப்பன் குனிந்து துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தார். "நல்ல சாமானைப் போட்டு இப்படி..."

"ஒரு துண்டை எடுத்து உங்க கத்தியில இழுங்க."

இழுத்தார். முன்பு விழுந்தது போலவே கோடு விழுந்தது. இன்னொரு துண்டால் இழுத்தார். அதுவும் விழுந்தது.

"ஒடிஞ்ச பொறவும் கடினம் கொறையலையே" என்றார் மெதுவாக.

இசக்கி காரீயக் குண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நகத்தால கீறுங்க."

கீறல் விழுந்தது.

குண்டைச் செங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். செங்கல் உடைந்தது. குண்டு தோசை போலத் தட்டையாகி, முழுசாக இருந்தது.

ஆவுடையப்பன் தட்டைக் குண்டைப் பார்த்தார். ஒடிந்த அரத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு சங்கதியா?"

"டீ குடிக்கிறீங்களா?" என்றாள் இசக்கி.

டீ குடித்து முடித்ததும் அவர் மூலையில் நின்ற இயந்திரத்தைக் காட்டினார்.

"அப்ப அந்த மெஷின் என்னத்தைத்தான் அளக்கு?"

இசக்கி ஓர் எஃகுத் துண்டை அதில் வைத்தாள். மேலிருந்து ஒரு சின்னக் குண்டு இறங்கித் துண்டை அமுக்கிவிட்டு மேலே போனது. உருப்பெருக்கியை அவர் கண்ணருகே தள்ளினாள்.

"ஒரு குழி தெரியுது."

"அதைத்தான்."

"குழியையா அளக்கு?"

"சின்னக் குழின்னா கடினம் ஜாஸ்தி. பெரிய குழின்னா கம்மி."

ஆவுடையப்பன் சிரிக்க ஆரம்பித்தார். தோளில் கிடந்த துண்டு நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார்.

"இதுக்கா இம்புட்டுப் பெரிய மெஷினு? பாகு பதம் பாக்கணும்னா ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு விரலால அமுக்குவேன். குழி விழுந்தா இன்னும் கொதிக்கணும். விழலைன்னா எறக்கணும். முப்பது வருஷமா இதைத்தான் தாயி செய்யுதேன்."

இசக்கி முதல்முறையாகச் சிரித்தாள்.

"அப்ப நீங்கதான் டீச்சர்."

அந்த வார்த்தையில் அவருக்குத் தைரியம் வந்தது. பைக்குள் கைவிட்டு ஓர் உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இதை அளந்து சொல்லுங்க. இதாலதான் மானம் போச்சு."

இசக்கி அதை மெஷினில் வைத்து மெல்ல அமுக்கவிட்டு, உருப்பெருக்கியில் பார்த்தாள்.

"பல்லைவிடக் கம்மிதான்."

"பொறவு ஏன் கடிக்க முடியல?"

"இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி?"

"பொருள்விளங்கா உருண்டை."

"ஏன் அந்தப் பேரு?"

"உள்ள என்னென்ன பொருள் கெடக்குன்னு வெளிய இருந்து பார்த்தா விளங்காது. அதான்."

"விளங்கணும்னா?"

  ஆவுடையப்பனின் கண் தரையில் ஒடிந்து கிடந்த அரத்துக்குப் போனது.

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள் இசக்கி.

இருந்தது.

அவருடைய உள்ளங்கைகளை விரிக்கச் சொல்லி, கைக்கொன்றாக இரண்டு உருண்டையையும் வைத்தாள். பிறகு அடுத்த எஃகுத் துண்டை எடுத்துத் துடைக்கப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஆவுடையப்பன் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று காலையில் கோமதி தாம்பாளத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணாச்சி, அதே கல்லு."

"அதே கல்லுதான்."

"பத்து நாள் வாங்கிட்டு ஒண்ணுமே மாத்தலையா?"

"மாத்தினேன் தாயி. போன தடவை இலைக்கு ஒண்ணு வச்சேன். இன்னைக்கு ரெண்டு."

கோமதி அதற்குள் பந்தி விரித்துவிட்டதைப் பார்த்தாள். லட்டுக்கு நேரம் இல்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். முதல் வரிசையின் தொடக்கத்தில் அவள் மகள் மாப்பிள்ளையோடு இலை முன் உட்கார்ந்து, தலையைக் குனிந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தன் இலையைப் பார்த்தார். பக்கத்தில் அன்றைக்குச் சிரித்த அதே ஆள். இந்த முறை பெரியப்பா மெதுவாகச் சொல்லவில்லை.

"என்னவே தவசுப்பிள்ளை, எங்க வீட்டுல சுவர் நெறைய இருக்குன்னு ரெண்டா வச்சிட்டீரா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மணப்பெண்ணின் தலை இன்னும் தாழ்ந்தது.

ஆவுடையப்பன் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, வலது கையில ஒண்ணு எடுங்க. அது உங்க வீட்டு உருண்டை. இடது கையில ஒண்ணு. அது எங்க பொண்ணு வீட்டு உருண்டை. ஒண்ணால ஒண்ணத் தட்டுங்க. எது கெட்டின்னு பாத்திருவோம்."

பெரியப்பாவுக்கு இது பிடித்திருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"பூப்போட்ட மாதிரித் தட்டினது போதும். சட்டுனு ஒரு தட்டு."

டக்.

ஒன்று இரண்டாகப் பிளந்தது. சுக்கு வாசம் இலை தாண்டி அடித்தது. பிளந்த பக்கத்தில் பயறு மாவின் நடுவே தேங்காய்ப் பல் வெள்ளையாகத் தெரிந்தது.

"எந்த வீட்டு உருண்டை உடைஞ்சுது?" என்று கதவோரத்திலிருந்து கோமதி கேட்டாள்.

பெரியப்பா உடைந்த பாதியை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைந்திருந்தது.

அடுத்த இலையில் டக். அதற்கடுத்த இலையில் டக், டக். வரிசை முழுக்க ஓடியது. வெளியே தவில்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

மணப்பெண் நிமிர்ந்தாள். ஓர் உருண்டையை மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன்னுடையதால் ஒரு தட்டுத் தட்டினாள். உடைந்தது மாப்பிள்ளையுடையது.

பக்கத்து இலைக்காரர் அதைப் பார்க்கத் திரும்பியபோது, பெரியப்பா அவர் இலையிலிருந்த உருண்டைகள் இரண்டையும் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.