நானூற்று எண்பது படியும் ஒரு திரைத்துணியும்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மேலைக்குன்றம் என்கிற நாட்டைக் குலோத்தமராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். இருப்புக் கொள்ளாத ராஜா. விடிந்தால் ஒரு சபதம். "இன்று முதல் தினம் ஐநூறு தண்டால்!" என்பான். இருபதாவதில் குப்புற விழுந்து, பத்து நாள் இடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கிடப்பான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பட்டமேறிய பன்னிரண்டாம் வருஷப் பங்குனித் திருவிழாவில், ராஜா தன் காலாலேயே மலையேறி முருகனுக்குப் பாற்குடம் கொண்டுபோக வேண்டும். நானூற்று எண்பது படி. இவனோ குளிக்கப் போவதற்கும் பல்லக்கு கேட்கிறவன். இருந்தும் ஒரே மூச்சில் ஏறிப் பார்த்தான். அறுபதாம் படியில் கண் இருட்ட, தூக்கித்தான் இறக்கினார்கள்.

"கவலை எதற்கு அரசே? பின்பக்கப் பாதையில் பல்லக்கிலேயே கொண்டுபோகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான் பல்லக்கு அதிகாரி மாறவேள். ராஜா நடக்கப் பழகிவிட்டால் தன் பவிசு போய்விடுமே என்ற பயம் அவனுக்கு.

இடுப்பில் கைக்குழந்தையோடு பலகாரம் கொண்டுவந்த சமையற்காரி செங்கமலத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன், சாமிக்குத் தெரியாதா?"

"ஓகோ! அப்படியானால் நீதான் அரசரை ஏற்றிவிடேன்!"

"ஏத்திட்டாப் போச்சு. இன்னும் நாற்பத்தெட்டு நாள் கிடக்கே."

"முடியாவிட்டால், திருவிழா முடிந்ததும் நீ நாட்டை விட்டே போய்விட வேண்டும்" என்றான் ராஜா. மாறவேள் மீசைக்குள் சிரித்தான். செங்கமலம் பின்வாங்கவில்லை. சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை ராஜாவின் தட்டில் பணியாரம் இல்லை. "மலையில பத்தாம் படியில சுடச்சுட இருக்கு, மகாராஜா."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். பத்தாம் படிக்கு மேலே குறுக்கே ஒரு திரைத்துணி. மேலே ஒன்றும் தெரியவில்லை.

"திரையைத் தூக்கு. இன்றைக்கே நூறு ஏறிவிடுகிறேன்!"

"இன்னைக்குப் பத்துதான். சாப்பிடுங்க, இறங்குங்க."

அடுத்த நாள் இருபதாம் படியில் பணியாரம், அதற்கு மேலே திரை. அப்புறம் முப்பது. ராஜா தினமும் குதித்தான், கத்தினான், பத்துக்கு மேல் அவள் விடவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியில்லை. மழை வந்தால்? ராஜாவுக்குச் சுளுக்கிக்கொண்டால்? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் விரல் படிகளையே எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள், முந்நூறாம் படி. மாறவேள் ஓடிவந்து திரையைச் சர்ரென்று கிழித்தான். "பாருங்கள் அரசே, மிச்சத்தை! வீரர் பரம்பரை இப்படியா அரிசி பொறுக்குவது போல ஏறும்? ஒரே ஓட்டமாக ஓடுங்கள்!"

ராஜாவின் மூக்கு விடைத்தது. கச்சையை இறுக்கினான். ஓடினால் விழுவான், விழுந்தால் மறுபடி படுக்கைதான். செங்கமலம் சட்டென்று குறுக்கே வந்தாள்.

"ஓடுங்க மகாராஜா. ஆனா ராஜாவுக்கு முன்னால ஒருத்தர் கட்டியம் சொல்லிக்கிட்டுப் போகணுமே? அதிகாரி ஐயா முன்னால ஓடட்டும்!"

"சரியான பேச்சு! ஓடு மாறவேளே!"

மாறவேள் "ராஜாதி ராஜ..." என்று தொடங்கி ஓடினான். இருபது படி தாண்டியதும் "ராஜா" மட்டும் வந்தது. நாற்பது படி தாண்டியதும் காற்றுதான் வந்தது. நாக்குத் தள்ள உட்கார்ந்தவனை அவனுடைய ஆட்களே பல்லக்கில் போட்டு இறக்கினார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். கச்சையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். "நாளைக்கும் பத்துதானே, செங்கமலம்? பணியாரத்தை எடு."

திருவிழாவன்று தவில் முழங்க, பாற்குடம் தளும்பாமல் நானூற்று எண்பதாம் படியை மிதித்தான் ராஜா. ஊரே ஆரவாரித்தது. "நாற்பத்தெட்டே நாளில் மலையை வென்றேன்! என்னைப் போல் யாருண்டு?" என்று மார்தட்டினான்.

செங்கமலம் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "நானும்தான் மகாராஜா தினமும் வந்தேன். உங்களுக்கு முன்னாலயே. பிள்ளையையும் பணியாரச் சட்டியையும் தூக்கிக்கிட்டு."

ராஜாவின் கை மார்பிலிருந்து மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரம் அவள் பாதங்களையே பார்த்தான். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டான்.

"மாறவேளே, பல்லக்கைக் கொண்டுவா."

மாறவேளின் முகம் மலர்ந்தது. "அரசே, ஏறுங்கள்!"

"நான் நடப்பேன். தாயும் பிள்ளையும் ஏறட்டும். நீ அந்தப் பணியாரச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கி வா."