பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவுச் சாவடி

முதலில் ஒரு விடுகதை. பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர் யார்?

முட்டாள் என்றுதானே சொல்வீர்கள்? தவறு. அவர் மஞ்சளூர் நாட்டின் சுங்க நாயகர். பெயர் வச்சிரபாகு. அரசியின் தாய்மாமன். அந்தப் பதவிக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

மஞ்சளூருக்கும் பக்கத்துத் தாழையூருக்கும் நடுவே ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். முப்பது ஆண்டுகளாக வண்டிகள் தடையின்றிப் போய்வந்தன. ஒருநாள் தாழையூர் அரசர் விருந்துக்கு வந்தார். நம் அரசர் கனகமாறனின் புதுக் குதிரையைப் பார்த்து, "கழுதை நன்றாக வளர்ந்திருக்கிறது" என்றார். நட்பு முறிந்தது. மறுநாளே அரசாணை வந்தது. பதிவு ஓலை இல்லாமல் இனி யாரும் பாலத்தில் எந்தப் பக்கமும் போகக் கூடாது. குதிரையைப் பழித்தவர் அரசர், தடுக்கப்பட்டது வாழைக்காய்.

ஓலை வழங்க ஒரு சாவடி கட்ட வேண்டும். வச்சிரபாகு இடம் தேடினார். பாலத்தின் அந்த முனையில் மஞ்சளூருக்குச் சொந்தமான சிறு தோப்பு இருந்தது. நல்ல நிழல், நல்ல காற்று. சாவடியை அங்கே கட்டினார். சரக்கோடு அங்கே நேரில் வருபவருக்குத்தான் ஓலை. ஓலையைச் சோதிக்கும் வாயிற்கதவைப் பாலத்தின் இந்த முனையில் வைத்தார்.

இப்போது புரிகிறதா?

வணிகர்கள் பாவம், எல்லாவற்றையும் தயார் செய்தார்கள். சரக்குப் பட்டியல் மூன்று படி எழுதினார்கள். மாட்டின் வயதை எழுதினார்கள். மாட்டினுடைய தாயின் நிறத்தையும் கேட்டிருந்ததால் அதையும் விசாரித்து எழுதினார்கள். கதவருகே வந்தார்கள்.

"ஓலை எங்கே?" என்றான் காவலன்.

"அதை வாங்கத்தான் போகிறோம்."

"வாங்கிக்கொண்டு வாருங்கள், விடுகிறேன்."

இருபது நாள் இப்படியே போயிற்று. சபையில் அரசர் கேட்டார்: "இதுவரை எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள்?"

"ஒருவர்கூட இல்லை மகாராஜா. நான் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் வருவதில்லை. வணிகர்களுக்கு அக்கறை போதாது" என்றார் வச்சிரபாகு. பிறகு சபையின் விகடகவி ஏகாம்பரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். சபையில் தம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஒரே ஆள் ஏகாம்பரம்தான். "நம் ஏகாம்பரம் பெரிய புத்திசாலி. அவர் வணிகர்களைத் தயார் செய்யட்டுமே."

"சரி. நாளை சூரியன் மறைவதற்குள் ஒரு வணிகராவது பதிவு பெற வேண்டும். இல்லாவிட்டால் ஏகாம்பரம், நீ சபைக்கு வர வேண்டாம்" என்றார் அரசர்.

"ஆகட்டும் மகாராஜா. நாளை ஒருநாள் மட்டும் வாயிற்கதவின் சாவி என்னிடம் இருக்கட்டும்."

மறுநாள் காலை வழக்கம்போல் காவலன் கும்பிட்டுக் கதவைத் திறந்தான். வச்சிரபாகு சாவடிக்குப் போனார். அதன்பிறகு ஏகாம்பரம் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். கதவருகே பவளாயி என்ற வெற்றிலை வியாபாரி வண்டியோடு நின்றிருந்தாள். வெற்றிலைக் கட்டுகளின் மேல் ஈரச் சாக்கு.

"மூணாவது நாளுங்க ஐயா. இன்னிக்குத் தாழையூர்ச் சந்தைக்குப் போகலேன்னா எல்லாம் அழுகிடும். இந்த வருஷத்துக்கு எனக்கு இருக்கிறது இவ்வளவுதான்."

"கொஞ்சம் பொறு அம்மா. ஒருவருக்குப் பசி எடுக்கட்டும்."

உச்சிவேளையில் வச்சிரபாகு சாப்பாட்டுக்காக வீடு திரும்பினார். கதவு பூட்டியிருந்தது.

"ஓய், திறவும்."

"ஓலை இருக்கிறதா நாயகரே?" என்றார் ஏகாம்பரம்.

"என்ன விளையாட்டு? ஓலை கொடுப்பவனே நான்தான்."

"தெரியும். உங்களுக்குக் கொடுத்தவர் யார்?"

வச்சிரபாகு யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "இதோ, இப்போதே எனக்கு ஒன்று எழுதிக்கொள்கிறேன்."

"ஏழாம் விதி, நாயகரே. யாரும் தமக்குத் தாமே ஓலை எழுதிக்கொள்ளக் கூடாது. நீங்கள் எழுதியதுதான். நல்ல விதி."

"வீட்டில் மோர்க்குழம்பு ஆறுகிறது ஐயா."

"இங்கே வெற்றிலை வாடுகிறது."

மாலையில் அரசரே பல்லக்கில் வந்தார். மடியில் ஆறு வயது இளவரசி நித்திலா. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் வச்சிரபாகு முகம் வாடி நின்றிருந்தார்.

"அவரை விடு" என்றார் அரசர் ஏகாம்பரத்திடம்.

"விடலாம் மகாராஜா. ஆனால் சாவடி காலியாகிவிடும். பவளாயிக்கு ஓலை எழுத ஆள் இருக்காது. பவளாயியை விட்டால், நாயகர் அங்கேயே இருக்கிறார். சூரியன் மறைவதற்குள் அவளுக்கு எழுதிவிடுவார். இல்லையென்றால் ஆணையை மாற்றுங்கள்."

"ஆணையை மாற்றினால் தாழையூரான் சிரிப்பான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விலக்கு தருவேன். அதற்கு மேல் தந்தால் அது ஆணையே இல்லை."

"அப்படியானால் யாருக்கு விலக்கு?"

அரசர் வெற்றிலை வண்டியைப் பார்த்தார். அரசியின் தாய்மாமனைப் பார்த்தார். இரவு அந்தப்புரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் மடியில் ஒரு குழந்தை இருப்பது அரசர்களுக்கு எவ்வளவு வசதி!

"நித்திலா, நீ சொல். ஒருவரைத்தான் விடலாம். யாரை விடுவது?"

வச்சிரபாகு முந்திக்கொண்டார். "கண்ணு, தாத்தா உனக்கு அல்வா வாங்கித் தருகிறேன். தாத்தா பாவம் இல்லையா? காலையிலிருந்து பட்டினி."

"நீயும் ஏதாவது சொல் அம்மா" என்றார் ஏகாம்பரம்.

பவளாயி சாக்கை விலக்கிக் காட்டினாள். "ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு தாயி. நடுக்கட்டு மட்டும் இன்னும் பச்சையா இருக்கு."

இளவரசி இருவரையும் பார்த்தாள். வண்டியை விடச் சொன்னாள்.