முயல் கிடந்த சூடு

சிட்டு புதருக்குள் போவதை நிறுத்தி இருபது நாளாகிவிட்டது.

மற்றபடி அந்தப் பெட்டை நாய்க்கு ஒரு குறையும் இல்லை. சோறு தின்றது. கோழியை விரட்டியது. அடுத்த வீட்டுக் கிடாயிடம் வம்புக்குப் போய் முட்டு வாங்கிக்கொண்டு வந்தது. காட்டுக்குக் கூட்டிப் போனால் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடும். புதர் வந்ததும் நின்றுவிடும். ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்று, திரும்பிச் சோணையனின் முகத்தைப் பார்க்கும்.

"சூ! சூ! எடு! எடு!" என்று சோணையன் தொண்டை கிழியக் கத்துவான்.

நாய் உட்கார்ந்துகொள்ளும்.

கரட்டடி ஊரில் மாசி மாதம் சாமி வேட்டை. வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு நாய். காரைக்காட்டை நாலாபுறமும் வளைத்து நின்றுகொண்டு, நாய்களை உள்ளே விடுவார்கள். முயலை எழுப்பிய நாயின் வீட்டுக்கு ஒரு தொடை கூடுதல். மூன்று புதரில் பின்வாங்கிய நாய்க்கு ஊரில் இடமில்லை. மறுநாளே கிடை ஆட்டுக்காரர்களிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஆட்டோடு ஆடாக அதைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சாமி பெயரால் வந்த வழக்கம் என்பதால் அதில் கெஞ்சவும் முடியாது, சண்டை போடவும் முடியாது.

வேட்டைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"நாய் போகலைன்னா என்ன, நீங்க குரைச்சுக்கிட்டு உள்ள போங்க," என்றாள் அவன் மனைவி பேச்சி.

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. தாயில்லாக் குட்டியாக வந்த சிட்டுவுக்குத் துணியைப் பாலில் நனைத்துப் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

அதனால்தான் சோணையன் சடைச்சியிடம் போனான்.

சடைச்சி கரட்டுக் குன்றின் மேற்குப் பக்கம் ஐந்தாறு நாய்களோடு தனியாக இருந்தாள். நாய் பழக்குவதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவளிடம் விட்டால் நாய் தேறிவிடும், கூடப் போன ஆள்தான் கிழிந்து வருவான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சோணையனுடைய கடைசித் தங்கையைவிட அவள் இளையவள். இருபத்தைந்து வருசம் வேட்டைக்குப் போய் மீசை நரைத்த மனிதன், ஒரு பெண்பிள்ளையின் வாசலில் நாயும் கயிறுமாக நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, அவன் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடை வழியாக வந்தான். ஓடையில் துணி துவைத்த நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

"வாங்கண்ணே. நாய்க்கு என்ன?"

"புதருக்குள்ள போக மாட்டேங்குது, தாயி."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"சரி. உக்காந்து உண்ணி பொறுக்குங்க."

வேலியோரம் கிழட்டு நாய் ஒன்று நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. அதன் பெயர் மிராசு. பெயருக்கு ஏற்ற மாதிரி, தன் உடம்பில் உட்கார்ந்த ஈயைக்கூட அது தானாக ஓட்டுவதில்லை. சோணையன் உட்கார்ந்தான். ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி, சாம்பல் கிடந்த சட்டியில் போட்டான். வெயில் ஏறியது. மிராசு மறுபக்கம் புரண்டு படுத்து, அந்தப் பக்கத்தையும் காட்டியது.

"தாயி, உண்ணி பொறுக்கவா நான் ரெண்டு கல் நடந்து வந்தேன்?"

"காதுக்குள்ள பாருங்கண்ணே. ரெண்டு விட்டுட்டீங்க."

சோணையன் பல்லைக் கடித்தான். காதுக்குள் மூன்று இருந்தன.

சடைச்சி கேப்பைக் களி கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா எப்ப உள்ள போச்சு?"

"தை கடைசியில. போச்சு. ரொம்ப நேரம் உள்ளயே கிடந்துச்சு. நான் சத்தம் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"எதுக்கு?"

"சத்தம் குடுக்கலைன்னா நாய் உள்ள நிழல்ல படுத்துக்கிருமே, தாயி."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா வெளிய வந்துச்சு."

"சும்மாவா?"

"சும்மாதான். வாயில ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்துட்டோம். அதோட சரி."

சடைச்சி களியை உருட்டித் தட்டில் வைத்தாள். நாய்களுக்குத்தான். அவனுக்கு அப்புறம் கொடுத்தாள்.

தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அண்ணே, வேட்டையில உங்களுக்கு எது சுகம்?"

சோணையனின் கை நின்றது. இத்தனை வருசத்தில் அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"முயல் வெளிய பாயுற அந்த நொடிதான், தாயி. புதரு தும்மின மாதிரி இருக்கும். காது ரெண்டும் முதுகோட ஒட்டிக்கிரும். நேரா நம்ம மேலயே வரும். சரி, வளரிக் கம்பை வீசிருவோம்னு கை ஓங்குறப்ப பாத்து ஒரு வெட்டு வெட்டித் திரும்பும் பாரு! விரட்டுன நாயெல்லாம் மண்ணைக் கீறிக்கிட்டு வழுக்கும். அந்தப் புழுதி வாசம், அந்தச் சத்தம்... வீசுன கம்பு படணும்னுகூட இல்ல. பட்டா கறி. படலைன்னா பேச்சு. ஒரு மாசத்துக்குப் பேசலாம்."

அவன் முகம் சிவந்து, கண் ஈரமாகியிருந்தது. சடைச்சி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புதருக்குள்ள?"

"புதருக்குள்ள என்ன இருக்கு? முள்ளு."

"நாய்க்கு எது சுகம்?"

"புடிக்கிறதுதான். வேற என்ன?"

"கேட்டீங்களா?"

"யாரை?"

"நாயை."

சோணையனுக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று நாளில் ஒரு நாள் உண்ணியில் போய்விட்டது. மிச்சத்தை இவள் விடுகதை போட்டே தீர்த்துவிடுவாள் போலிருந்தது.

"நாய்கிட்ட எப்படித் தாயி கேக்குறது?"

"நாளைக்கு வாங்க. கிழிஞ்சா பரவாயில்லைங்கிற வேட்டியாக் கட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் அவனையும் சிட்டுவையும் சரிவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே காரையும் சூரையும் இலந்தையும் பின்னிக்கொண்டு குடிசை அளவுக்கு ஒரு புதர் நின்றது. அடியில், நாய் நுழையும் உயரத்துக்கு ஒரு சந்து.

சிட்டு வழக்கம்போல அதன் வாசலில் நின்று சோணையனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா தாயி? இதைத்தான் சொன்னேன்."

"போங்க."

"எங்க?"

"உள்ள."

"நானா?"

"அண்ணியே போகச் சொல்லிட்டாங்களாமே. ஓடையில பேசிக்கிட்டாங்க."

சோணையன் அவளைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை. சூரியன் கரட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறியிருந்தது. நாளை மறுநாள் வேட்டை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து எறிந்தான். காதால் கேட்கக் கூடாத வார்த்தை ஒன்றை முனகிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றி உள்ளே நுழைந்தான்.

முதல் முள் காதில் ஏறியது. இரண்டாவது முள் முதுகில். வேட்டியை இழுத்த முள்ளை எண்ணவில்லை.

"என்னண்ணே! இருக்கா?" சடைச்சி வெளியிலிருந்து கத்தினாள்.

"இப்பத்தான தாயி நுழைஞ்சேன்!"

"சூ! சூ! எடு! எடு!"

"என்னது?"

"இடது பக்கம் பாருங்க! இடது பக்கம்! அங்க இல்லண்ணே, இந்தப் பக்கம்!"

வெளியில் நிற்பவளுக்கு உள்ளே இடது எது வலது எது என்று எப்படித் தெரியும்? சோணையனுக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. ஏதோ ஒரு கவுதாரி படபடத்துக்கொண்டு கிளம்பியது. "சத்தம் போடாத தாயி!" என்று இவனும் கத்தினான்.

"சீக்கிரம்ண்ணே! படுத்துக்கிட்டீங்களா?"

அவன் இன்னும் இரண்டு முழம் ஊர்ந்தான்.

அங்கே முள் இல்லை. மேலே கூரை வேய்ந்த மாதிரி கொடி மூடியிருந்தது. மண் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே கத்துகிறவளின் குரல் பக்கத்து ஊரில் கேட்பது மாதிரி ஆகிவிட்டது. கண் பழகப் பழக, தரையில் பாதைகள் தெரிந்தன. முயல் போய்ப் போய் வழவழத்த சின்னச் சின்னப் பாதைகள். ஒன்று ஓடைப் பக்கம். ஒன்று மேட்டுக்கு. வழியில் சுண்டைவற்றல் போலப் புழுக்கைகள், வெளுத்தவை ஒரு பக்கம், இன்னும் பச்சை மாறாதவை ஒரு பக்கம். ஒரு முள்ளின் நுனியில் சாம்பல் நிறத்தில் நாலு மயிர் ஆடிக்கொண்டிருந்தது.

இலந்தைத் தூருக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் வரும் அளவு. பின்பக்கம் ஆழம், முன்பக்கம் மட்டம். முயல் உட்கார்ந்த வடிவம் அப்படியே மண்ணில் இருந்தது.

சோணையன் அதில் உள்ளங்கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

இப்போதுதான். இவன் நுழைந்த பிறகுதான். ஓடைப் பாதையில் பின்னங்கால் உந்திய இடத்தில் மண் சிதறி, அடிமண் ஈரம் காயாமல் கிடந்தது. இருபத்தைந்து வருசமாகப் புதரைச் சுற்றி நின்றவனுக்குப் புதருக்குள் ஒரு வீடு இருப்பது தெரியாமல் போயிருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் அந்தச் சூடு ஆறுகிறவரை அப்படியே கிடந்தான். சிரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியவில்லை.

பிறகு, வந்த வழியே வேகமாகப் பின்னுக்கு ஊர்ந்து வெளியே வந்தான். நெற்றியில் ரத்தம். மீசையில் இலை. வேட்டி முக்கால்வாசி உள்ளேயே இருந்தது.

"தாயி! தாயி! கிடந்திருக்கு! இன்னும் சூடு ஆறல! ஓடைப் பக்கமாப் போயிருக்கு, உந்துன இடம் அப்படியே..."

சடைச்சி அவன் கையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"முயல் எங்கண்ணே?"

"அதான் சொல்றேனே, இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கு. உள்ள வந்து பாரு, பாதை..."

"முயல் எங்க?"

"நீ கத்துன கத்துல ஓடிருச்சு!"

"கத்தலைன்னா நீங்க நிழல்ல படுத்துக்கிருவீங்களே." கையில் இருந்த காரைக் குச்சியால் அவன் கெண்டைக்காலில் ஒன்று வைத்தாள். "இம்புட்டு நேரம் உள்ள கிடந்துட்டு, சும்மாவா வந்தீங்க?"

வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சோணையன் வெடித்துவிட்டான்.

"சும்மாவா? யாரு சும்மா வந்தது? இவ்வளவு முள்ளுல ஊர்ந்து போய், கண்டதை உங்கிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தா, ஒரு வார்த்தை காது குடுத்துக் கேக்க மாட்டியா? நீயெல்லாம் ஒரு..."

அங்கே அவன் குரல் நின்றுவிட்டது.

தை கடைசி. நல்ல வெயில். சிட்டு புதருக்குள்ளிருந்து பாய்ந்து வந்தது. மூக்கில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடியது. அவனைச் சுற்றி ஓடியது, புதர்வரை போனது, திரும்பி வந்து அவன் வேட்டியைக் கவ்வி இழுத்தது. "முயல் எங்கடி?" என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த வளரியால் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். லேசாகத்தான். இதுவரைக்கும் அவன் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

சடைச்சி குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். நாள் முழுக்க மாவு ஆட்டியவள் போலக் களைத்திருந்தாள்.

சிட்டு எழுந்து வந்தது. சோணையனின் தொங்கிய கையை மோந்தது. உள்ளங்கையை மறுபடியும் மோந்தது. விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் மூக்கை விட்டு, நெடுநேரம் மோந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தது. புதரைப் பார்த்தது.

"சூ" என்ற சத்தம் அவன் தொண்டைவரை வந்தது. விழுங்கினான்.

நாய் உள்ளே போனது.

இலை அசைந்தது. நின்றது. இன்னும் உள்ளே எங்கேயோ அசைந்தது. சோணையன் நின்ற இடத்தில் நின்றான். இப்போது இலந்தைத் தூருக்கு வந்திருக்கும். இப்போது பள்ளத்தில் மூக்கை வைத்திருக்கும். சூடு ஆறியிருந்தாலும் அதற்குத் தெரியும். கொடிக் கூரைக்கு அடியில் கிடந்தபோது தனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நினைத்துப் பார்த்தான். தெரியவில்லை. நாயும் அவசரப்படவில்லை.

வெயில் கரட்டை விட்டு இறங்கிச் சரிவுக்கு வந்தது.

சிட்டு வெளியே வந்தது. வாயில் ஒன்றும் இல்லை. மூக்கெல்லாம் மண். ஓடி வந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஒரு கம்பு எட்டாத தூரம். வால் தாழவும் இல்லை, ஆடவும் இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

சோணையனுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மண்ணில் குந்தினான். வாயைத் திறந்தான். என்னென்னவோ வந்து நாக்கில் நின்றது, ஒன்றும் சரியாக இல்லை. நாயை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"தாயி, இப்ப நான் இதுகிட்ட என்ன சொல்லணும்?"

சடைச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க வெளிய வந்தப்ப உங்ககிட்ட நான் என்ன சொல்லியிருக்கணும்ண்ணே?"