கிணற்றில் முதல் பாடம்

"அய்யா, கண்டிப்பு மாணவனுக்கு நல்லதா, கெட்டதா? இன்னைக்கே சொல்லிடுங்க."

மூச்சிரைக்க வந்து நின்றான் திருமேனி.

அடிகளார் மடத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான்" என்றார். இறைப்பதை நிறுத்தவில்லை.

திருமேனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதே மடத்தில் படித்தவன் அவன். இப்போது அக்கரையில் சொந்தமாகப் பாடசாலை நடத்துகிறான். ஆற்றோரத்து ஊர்கள் என்பதால் இரண்டு இடத்திலும் முதல் பாடம் நீச்சல்தான். மாணவன் மிதப்பதற்காக அவன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள்.

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தனும் தங்கல? மிச்சம் இருந்தது மருதன்தான். காலையில தள்ளினேன். கயித்தைப் பிடிச்சு மேல ஏறி வந்தவன், மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்கான். அவனும் போயிட்டா நான் பாடசாலையை மூட வேண்டியதுதான்."

"குடுக்கை கட்டினியா?"

"கட்டினேன். நீங்க போடுற அதே முடிச்சு."

"திட்டினியா?"

"நீங்க திட்டினதுல பாதிகூட இல்ல."

அடிகளார் சிரித்தார். அவர் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும்.

"உன்னையும் இந்தக் கிணத்துலதான் தள்ளினேன். நீ ஏன் ஓடல?"

"எனக்குப் பயமில்ல."

"பொய் சொல்லாதடா."

திருமேனி அசடு வழிந்தான்.

"பயந்தேன்தான். மூக்குல தண்ணி ஏறிடுச்சு. செத்தேன்னே நினைச்சேன். மேல வந்து கண்ணைத் தொறந்தா, எதிர்ல உங்க முகம். 'காலை அடிடா கழுதை'ன்னு கத்தினீங்க. அடிச்சேன்."

"முகம் எவ்வளவு பக்கத்துல இருந்துச்சு?"

"கைக்கு எட்டுற தூரத்துல. உங்க தாடியிலேர்ந்து தண்ணி சொட்டி..."

திருமேனி சட்டெனக் குனிந்தான்.

தன் வேட்டியைப் பார்த்தான். காலையில் மருதனைத் தள்ளியபோதும் இதைத்தான் கட்டியிருந்தான். ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்கவில்லை.

அவன் ஆற்றை நோக்கி ஓடினான்.

"பரிசல் வர நேரமாகும்டா!" என்று கத்தினார் அடிகளார்.

அதற்குள் அவன் தண்ணீரில் குதித்துவிட்டான்.

அக்கரையில் பரிசலுக்காக மூட்டையோடு காத்திருந்தான் மருதன். உடம்பெல்லாம் நீர் வழியக் கரையேறிய ஆசிரியரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"வா, கிணத்துக்குப் போகலாம்."

"மறுபடியும் தள்ளுவீங்களா அய்யா?"

"தள்ளுவேன்" என்றான் திருமேனி. "மேல வந்ததும் கண்ணைத் தொறந்து பாரு."