ரசம் இல்லாத ஃபிளாஸ்க்

கிருபாகரனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், மனைவிக்கு மறதி நோய் வந்த பிறகு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி மீனாள். வயதில் இவர் பெரியவர், படிப்பில் அந்தம்மா பெரியவர். அதனால் இவர் மேடம் என்பார், அந்தம்மா சார் என்பார். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அன்று காலையில் அவர் கேட்டார்.

"மேடம், மூளைச் செல்லுக்குள்ள ஒரு புரதம் காவல் நிக்குது. கெட்டுப்போன புரதமெல்லாம் குப்பையா சேர்ந்துட்டா, புதுசா எதையும் செய்ய வேண்டாம்னு கதவைச் சாத்திடுது. சரி, நல்லதுக்குத்தான். ஆனா இந்த நோயில குப்பையும் போகல, கதவும் திறக்கல. செல்லு பட்டினி கிடந்து சாகுது. அதைத் திறக்க நாம செய்யற மருந்தை நிறைய ஊத்தி அந்தக் கதவை உடைச்சே போட்டா என்ன?"

மீனாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உடைச்சுப் பார்த்தீங்களே சார்."

பார்த்தார்தான். போன வாரம் செல் வளர்க்கும் ஒரு தட்டில் அளவைக் கூட்டி ஊற்றினார். செல்கள் முதலில் மளமளவென்று புரதம் செய்தன. இருந்த குப்பையோடு புதுக்குப்பையும் சேர்ந்து, கடைசியில் தட்டு முழுக்கச் செத்து மிதந்தன. ஒரே ஒரு சொட்டு மட்டும் விட்ட தட்டில்தான் செல்கள் மெல்லக் கிளைவிட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அந்தக் கிளைகளைப் பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது.

தட்டில் கிளைவிட்டது மனைவி ஜெசிந்தாவின் தலைக்குள் விடாதா? எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்காத மருந்து என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே. ஜெசிந்தா வாயைத் திறந்து சாப்பிடுவதே நின்றுகொண்டிருந்தது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மதியம் மீனாள் எதையோ எடுக்க ஃபிரீசரைத் திறந்தாள். மருந்துக் குப்பிகள் வைக்கும் பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். எப்போதும் மேஜைமேல் நிற்கும் கிருபாகரனின் ரசம் ஃபிளாஸ்க் இன்று பைக்குள் இருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டி, கையால் அணைத்தபடி நின்றார். மனைவிக்கு ஊட்டிவிட மத்தியானம் வீட்டுக்குப் போவது அவர் வழக்கம்.

"சார், இன்னிக்கு நானும் உங்க வீட்டுக்கு வரட்டுமா? சாப்பாடு இருக்கு. தனியா சாப்பிடப் பிடிக்கல."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரியென்று தலையை ஆட்டினார்.

வீட்டில் ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் எல்.கே.ஜி. டீச்சர். தெருவில் பாதிப் பேருக்கு அவள் ஜெசி மிஸ். இப்போது அவளுக்குத் தெருவும் தெரியாது, புருஷனும் தெரியாது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அம்மா சோற்றைக் குழைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கிருபாகரன் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊட்ட உட்கார்ந்தார்.

"ஜெசி, வாயைத் திற."

திறக்கவில்லை.

"ஒரே ஒரு வாய். திறம்மா."

ஸ்பூனை உதட்டில் வைத்து அழுத்தினார். அவள் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். அவர் தாடையைப் பிடித்தார். அவள் கண்ணில் பயம் வந்தது, சோறு புடவையில் விழுந்தது. அவர் தினமும் படும் பாடு இதுதான். இன்று பார்க்க ஆள் வேறு இருந்தது அவமானமாகப் போயிற்று.

"ஏன் மேடம் இப்படி மூடிக்கறா? நான் இவளைக் கொல்லவா வந்திருக்கேன்?"

மீனாள் அவர் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில், அவளைவிடத் தாழ்வாக, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தன் எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்து மூடியை இழுத்தாள். சூட்டோடு மூடியது, நன்றாகக் கவ்வியிருந்தது.

"மிஸ், திறக்க வரல."

ஜெசிந்தா திரும்பினாள். டப்பாவைப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகளுடைய டப்பாவைத் திறந்துவிட்ட கை அது.

"குடு பாப்பா."

வாங்கினாள். மேலே பிடித்து இழுக்கவில்லை. விளிம்பில் ஒரே இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சமாக நெம்பினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடி தானாகக் கழன்றது.

"சாப்பிடு. சிந்தாம சாப்பிடணும்."

"நீங்களும் சாப்பிடுங்க மிஸ். அப்பதான் நான் சாப்பிடுவேன்."

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தில் துளி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துளி எடுத்தாள்.

கிருபாகரன் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியவில்லை அவருக்கு. ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பையன் ஏன் அழறான்?"

"பசி மிஸ்."

"வரச் சொல்லு."

அவர் வந்து மண்டியிட்டார். அவள் அவர் வாயிலும் ஒரு துளி வைத்தாள். யாரென்று தெரிந்து வைக்கவில்லை. இருந்தாலும் வைத்தாள்.

வெகு நேரம் கழித்து, பையைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மீனாள் முன்னால் வைத்தார்.

"இதுல இருக்கறது ரசம் இல்ல மேடம். ஐஸுல வச்ச நம்ம மருந்து."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

மீனாள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"நான் பண்ணது மன்னிக்கக்கூடியது இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க. இதைக் கொடுக்கக் கூடாதுன்னா, இவளுக்கு நான் என்னதான் கொடுக்கறது?"

மீனாள் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். கையைக் கழுவிவிட்டு வந்து, ஃபிளாஸ்க்கைக் குலுக்காமல் நேராக எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு, நீங்க அவங்க கையால வாங்கிச் சாப்பிடுங்க. ஐஸ் கரையறதுக்குள்ள நான் இதைக் கொண்டுபோய் வைக்கறேன். நாளைக்கு நமக்கு இது வேணும் சார்."