மொச்சைப்பாளையத்து மலை ரயில்

எங்கள் மொச்சைப்பாளையத்து ஆட்களுக்கு அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. எடுத்துச் செலவு பண்ணத்தான் யோசிப்பார்கள்.

தணிகாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிநேகிதர்கள் கோதண்டபாணியையும் பிச்சாண்டியையும் சேர்த்துக்கொண்டு, வீட்டுக் கட்டில் நிறைய ஒரு பொம்மை மலை ரயில் கட்டியிருந்தார். காகிதக்கூழில் மலை, விரலகலத்துக்குத் தண்டவாளம், நகத்தளவு ஸ்டேஷன். மனுஷன் தரையில் படுத்தார். கூடவே பெண்டாட்டி பங்கஜமும்.

"கண்காட்சியில கப்பு வாங்கிட்டு வந்தா ரயில் கட்டில்லயே இருக்கட்டும். இல்லன்னா ரயிலும் வெளிய, நீங்களும் வெளிய!" என்று அவள் சொல்லிவிட்டாள். பாவம், தணிகாசலம் சிநேகிதர்களோடு ரயிலைத் தூக்கிக்கொண்டு பொம்மை ரயில் கண்காட்சிக்குப் போனார்.

கண்காட்சிக் கூடத்துக் காவலாளி, "யாரும் கையால தொடக்கூடாது" என்றார். பார்க்க வருகிறவர்களுக்குச் சொன்னதை இவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வளைவிலேயே இன்ஜின் தடம்புரண்டது. மூன்று பெரிய மனுஷர்களும் சுற்றி நின்று வாயால் ஊதினார்கள். இன்ஜின் அசையவில்லை, ஸ்டேஷன் பறந்துபோனது. கடைசியில் பிச்சாண்டி மூக்கால் தள்ளி ஏற்றினார்.

நடுவர் வந்து எட்டிப் பார்த்தார். "அசல் மலை ரயில் மாதிரியே இருக்கணும். அதுக்குத்தான் மார்க்கு. டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"மழை பெஞ்சா அசல் ரயிலுக்கு என்ன ஆகும்?" என்றார் தணிகாசலம்.

"மண் சரிஞ்சு பாதையை மூடிரும்" என்றார் கோதண்டபாணி.

"நம்மது சரியலையே!"

"கூரைக்குக் கீழ இருந்தா எப்படிய்யா சரியும்? நாமதான் பார்த்துச் செய்யணும்."

பிச்சாண்டி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மலை உச்சியில் கொட்டினார். காகிதக்கூழாயிற்றே! மலை கஞ்சியாக இறங்கி, தண்டவாளம் இன்ஜின் எல்லாவற்றையும் மூடியது. மூவரும் பூரித்துப்போனார்கள்.

நடுவர் திரும்பி வந்தார். "ரயில் எங்கய்யா?"

"ரத்து சார்" என்றார் தணிகாசலம், பணிவாக.

நடுவர் தலையில் அடித்துக்கொண்டு, கப்பைப் பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடத்தைப் பூட்டும் நேரமாகியும் ஆளைக் காணோமே என்று பங்கஜம் போன் பண்ணினாள்.

"கப்பு கிடைக்கலன்னா கிடக்குது, விடுங்க. வீட்டுக்கு வாங்க. பஸ்ஸெல்லாம் ஓடுதே?"

"எப்படி வர்றது பங்கஜம்? பாதை பூரா மண் சரிஞ்சு கிடக்கு."

"ஐயையோ! எந்தப் பாதை?"

"நம்ம கட்டில் மேல இருந்த பாதைதான். நீ கவலைப்படாதே. மாட்டிக்கிட்டவங்களுக்குச் சோத்துப் பொட்டலம் கேட்டு கோதண்டம் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கான். மூணு பேர்னு சொன்னா மதிக்க மாட்டாங்கன்னு, ரயில் பெட்டிக்குள்ள இருக்கற பொம்மைங்களையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கோம்."